பையனை இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்னால்

கேள்வி இதுதான். எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் முதலில் வந்திருக்கும் குடும்பத்தில் 12 வயதுப் பையன், ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு டூவீலர் மெக்கானிக் கடையில் வேலை செய்கிறான். அப்பா கட்டட வேலை செய்பவர், குடிக்கிறார். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். 16 வயது அக்கா பத்தாம் வகுப்போடு நின்று வீட்டில் இருக்கிறாள். அம்மாவே அலுவலகத்துக்கு வந்து, "பையனை எங்கயாவது ஹாஸ்டல்ல போட்டுடுங்க, இங்க இருந்தா கெட்டுப் போயிடுவான்" என்று சொல்லியிருக்கிறார். இல்லத்தில் இடம் இருக்கிறது, அம்மாவும் சம்மதிக்கிறார், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் உத்தரவு வாங்கிச் சேர்த்துவிடலாமா, குடும்பத்தோடு எப்படிப் பேசத் தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

குழுவிடம் கட்டாயம் கொண்டுபோங்கள். ஆனால் இல்லத்தில் சேர்ப்பது என்ற முடிவோடு போகாதீர்கள். 14 வயது நிரம்பாத பிள்ளை கடையில் வேலை செய்வதை 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் முழுமையாகத் தடை செய்கிறது. அப்படி வேலை செய்யும் பிள்ளை, 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 2(14)-ன்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. ஆகவே விஷயம் குழுவின் வரம்புக்குள் வந்துவிட்டது. ஆனால் அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது, இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்று கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. குழு பிறப்பிக்கக்கூடிய உத்தரவுகளைச் சொல்லும் பிரிவு 37-ஐ ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். இல்லத்தில் வைப்பது அதில் ஒரு வழி மட்டும்தான். சமூகப் பணியாளரின் மேற்பார்வையோடு பெற்றோரிடமே விடலாம், நிதி ஆதரவு வழங்கச் சொல்லலாம், சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும் உத்தரவிடலாம். இந்த வழிகளும் இருக்கின்றன என்று உங்கள் அறிக்கை காட்டினால்தான் குழு அவற்றைப் பற்றி யோசிக்கும். நீங்கள் "இடம் இருக்கிறது, சேர்க்கலாம்" என்று எழுதிக்கொண்டு போனால் பெரும்பாலும் அதுவே உத்தரவாகிவிடும்.

அம்மா ஹாஸ்டல் என்று கேட்டதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் மனதில் இருப்பது ஆதிதிராவிடர் நல விடுதியோ பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியோ மாதிரி ஓர் இடம்: மூன்று வேளைச் சாப்பாடு, பக்கத்தில் பள்ளி, லீவு விட்டால் வீட்டுக்கு வரலாம், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவான குழந்தைகள் இல்லம் அப்படி இல்லை. குழுவின் உத்தரவில்லாமல் உள்ளே சேர்க்கவும் முடியாது, அம்மா நினைத்த நேரத்தில் அழைத்துப் போகவும் முடியாது. இந்த வித்தியாசத்தைச் சொன்ன பிறகும் அவர் அதையே கேட்கிறாரா என்று பாருங்கள். நிறைய அம்மாக்கள் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பிறகு மெதுவாக, "எனக்கு வேற வழி தெரியலம்மா" என்று உண்மைக் காரணம் வரும். உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

பிள்ளைக்குக் கஷ்டம் என்றால் ஓர் இல்லம், என்ற பழக்கம் நம் ஊரில் ஆழமாக ஊறியது. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவிலேயே முதலில் வந்தது சென்னை மாகாணத்தில், 1920-ல். வழி தவறிய பிள்ளைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் சான்று பெற்ற பள்ளிகளில் வைத்துத் திருத்தி வளர்ப்பது அந்தக் காலத்து எண்ணம். சட்டங்கள் மாறின, எண்ணம் மெதுவாகத்தான் மாறுகிறது. மாமல்லபுரம் பக்கம் அநாதை இல்லங்களில் குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளானதாக வந்த செய்தியில் தொடங்கி 2007 முதல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் 2017 மே மாதம் ஒரு தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களையும் பதிவு செய்யவும், சமூகத் தணிக்கை நடத்தவும், பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக வேறு வழிகளைத் தேடவும் நீதிமன்றம் சொன்னது. இந்தத் துறையில் வேலை செய்கிற எல்லோரும் அதைப் படித்திருக்க வேண்டும். நல்ல இல்லங்களும் இருக்கின்றன, அங்கே மனம் கரைந்து வேலை செய்பவர்களையும் எனக்குத் தெரியும். ஆனாலும் எவ்வளவு நல்ல இல்லமாக இருந்தாலும், அங்கே பிள்ளைக்கு 18 வயதாகும்போது, திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறதா என்ற கேள்வி வந்து நிற்கும். இல்லத்தை விட்டு வெளியேறுகிறவர்களுக்கான பிற்காப்புத் திட்டம் 21 வயது வரை உதவும், சிலருக்கு 23 வரை நீட்டிக்கலாம். அதற்கு அப்புறம்?

சரி, வீட்டுக்குப் போவோம்.

ஜீப்பில் போகாதீர்கள். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருமுனையில் நின்று "இன்னார் வீடு எது" என்று கேட்காதீர்கள். நீங்கள் திரும்பி வருவதற்குள் தெரு முழுக்க ஒரு கதை ஓடியிருக்கும், அந்தக் கதையின் பாரத்தை அந்தப் பையன்தான் சுமப்பான். அம்மாவிடம் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்போ, வேலை இல்லாத நாளிலோ போங்கள். மாலையில் போய், குடித்திருக்கிற மனிதரோடு பேசி, "தந்தை ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவது நியாயமே இல்லை.

உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள், டீ கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இதை வெறும் மரியாதைக்காகச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்த அதிகாரி தங்கள் வீட்டுத் தம்ளரில் வாய் வைக்கிறாரா என்று கவனிக்கிற வீடுகள் தமிழ்நாட்டில் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. வாங்கிக் குடித்தால் அடுத்த அரை மணி நேரப் பேச்சே வேறு மாதிரி இருக்கும். படிவத்தை உடனே எடுக்காதீர்கள். எதற்காக வந்திருக்கிறீர்கள், என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதை முதலிலேயே நேராகச் சொல்லுங்கள். "பையனைப் பிடிச்சுட்டுப் போக வரல. அவன் படிக்கிறதுக்கு என்ன வழின்னு சேர்ந்து பார்க்கத்தான் வந்திருக்கேன். ஆனா அவனுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சும்மா இருக்க முடியாது." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பின்னால் நீங்கள் நடவடிக்கை எடுக்க நேர்ந்தால், ஏமாற்றிவிட்டீர்கள் என்று அந்தக் குடும்பம் நினைக்காது.

பையனோடு தனியாகப் பேசுங்கள். மற்றவர்கள் பார்க்கும் தூரத்தில், ஆனால் காதில் விழாத இடத்தில். வாசல் திண்ணை, பக்கத்துக் கோயில் மர நிழல், எதுவானாலும் சரி. "ஏன் ஸ்கூலுக்குப் போகல?" என்று தொடங்கினால் அவனுக்கு அது இன்னொரு ஹெச்.எம். கேட்கிற கேள்வி. "பிடிக்கல" என்று தலையைக் குனிந்துகொள்வான், நீங்களும் "படிப்பில் ஆர்வமில்லை" என்று எழுதிவிடுவீர்கள். அவனுடைய ஒரு நாளைக் கேளுங்கள். நேற்று எத்தனை மணிக்கு எழுந்தான், யார் எழுப்பினார்கள், காலையில் என்ன சாப்பிட்டான், கடையில் என்ன வேலை, யார் திட்டுவார்கள், சம்பளத்தை யாரிடம் கொடுக்கிறான், ராத்திரி யார் பக்கத்தில் படுக்கிறான், சத்தம் வந்தால் எங்கே போவான். ஒரு நாளைச் சொல்லி முடிக்கும்போது வீட்டின் பெரும்பகுதி உங்களுக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு எது பிடிக்கும், எதில் கெட்டிக்காரன் என்பதையும் கேளுங்கள். கார்புரேட்டரைப் பிரித்து மாட்டத் தெரிந்த 12 வயதுப் பையனை "கற்றல் திறன் குறைவு" என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், என்கிட்ட சொல்லு" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அவன் சொல்லப்போவது பாலியல் வன்முறையைப் பற்றி இருந்தால், 2012-ஆம் வருடப் போக்சோ சட்டத்தின் பிரிவு 19-ன்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். "நீ சொல்றதை எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிய மாட்டேன். உன்னை யாராவது கஷ்டப்படுத்தறாங்கன்னா மட்டும், அதை நிறுத்தக்கூடியவங்ககிட்ட சொல்வேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்வேன்" என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு. அப்படி ஏதாவது வந்தால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். யார், எப்போது, இப்போது அவன் பத்திரமாக இருக்கிறானா, உடனே மருத்துவம் தேவையா என்பது வரை போதும். அவன் சொன்ன சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். விரிவான வாக்குமூலத்தைப் பிள்ளை விரும்பும் இடத்தில், சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு முன்பே நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்டு அவனை வதைத்திருந்தால் வழக்கும் பலவீனமாகும், அவனும் நொறுங்கிப்போவான். குழுவிடம் கேட்டு உதவி நபர் ஒருவரை நியமிக்கச் செய்யுங்கள். வழக்கு முடியும்வரை அந்தக் குடும்பத்தோடு நடக்க ஓர் ஆள் வேண்டும்.

குடும்பத்திலேயே வைக்க வேண்டும் என்று நான் இவ்வளவு சொல்வதால், எந்த நிலையிலும் அங்கேயே விடுங்கள் என்று பொருளில்லை. வீட்டில் இருப்பவரே பாலியல் வன்முறை செய்கிறார், எலும்பு முறியும்படி அடிக்கிறார், பிள்ளையை முன்பணம் வாங்கிக்கொண்டு விற்கிற நிலை இருக்கிறது என்றால் காத்திருக்கக் கூடாது. டெல்டா மாவட்டங்களில் ஆடு மேய்க்கவும் வாத்து மேய்க்கவும் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள், இருளர் குடும்பத்துப் பிள்ளைகள் உட்பட, மீட்கப்பட்ட செய்திகள் நமக்குத் தெரிந்தவைதானே. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. அப்போதும், பிள்ளையைப் பாட்டியோ சித்தியோ அத்தையோ பார்த்துக்கொள்ள முடியுமா என்று அன்றைக்கே விசாரியுங்கள். ஆபத்து செய்கிறவரை வீட்டை விட்டு வெளியேற்ற முடிந்தால் பிள்ளையை வெளியேற்றத் தேவையில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

இந்தக் குடும்பத்தில் அந்த அளவு ஆபத்து இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் பணத்தைப் பாருங்கள். அதிகமாகத் தவறவிடப்படுவது இதுதான் என்பது என் அனுபவம். மகளிர் குழு லோன், வாரத் தவணை வசூலிக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ், தண்டல், அடகுக் கடை: அம்மாவோடு உட்கார்ந்து, எந்தக் கிழமை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். பையனின் வாரச் சம்பளம் எந்தத் தவணைக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். கடைக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பள்ளியை விட்டதற்கான காரணம் அந்தத் தாளில் இருக்கும்போது, பையனுக்குப் படிப்பின் அருமையைப் பற்றி அறிவுரை சொல்லிப் பயன் என்ன? அப்பா கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா, ரேஷன் கார்டில் எல்லோர் பெயரும் இருக்கிறதா, அம்மாவுக்கு வர வேண்டிய ஏதாவது உதவி விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் கவுன்சலிங் என்ற பெயரில் செய்கிற பலவற்றைவிட இது பிள்ளைக்கு உதவும்.

கடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடைக்காரர் நல்லவர், சொந்தக்காரர் என்று பேசி முடித்துவிட்டு வராதீர்கள். 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொழிலாளர் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆனால் பையனைச் சந்தை நடுவில் வேனில் ஏற்றுகிற காட்சி நடக்காமல் இருக்க, முன்கூட்டியே அவர்களோடு பேசித் திட்டமிடலாம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் வேலையை யாரையும் செய்யவிடாதீர்கள். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதற்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74 ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. "மீட்பு" என்ற தலைப்போடு முகத்தைக் காட்டும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அப்பாவைப் பற்றி. நம் கோப்புகளில் அப்பா என்றால் "குடிப்பழக்கம் உள்ளவர்" என்ற ஒரு வரிதான். அவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், பேசியிருக்கவும் மாட்டார்கள். அவரும் அந்த வீட்டில்தான் தூங்குகிறார், பையன் அவர் பெயரைத்தான் இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறான். அவரிடம் பேசுங்கள். பிள்ளை என்னவாக வேண்டும் என்று நினைத்தீர்கள் என்று கேளுங்கள். குடியை விடச் சொல்லி உபதேசம் செய்ய வேண்டாம், அதை அவர் ஆயிரம் முறை கேட்டிருப்பார். சிகிச்சைக்குச் சம்மதித்தால் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: வருடக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு நிற்காது, வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். "நாளையிலிருந்து தொட மாட்டேன்" என்று சாமி முன் சத்தியம் வாங்குவதோ மாலை போடச் சொல்வதோ மருத்துவ மேற்பார்வைக்கு ஈடாகாது.

அவர் மனைவியை அடிப்பவராக இருந்தால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சமரசம் பேசாதீர்கள். உங்கள் எதிரில் அம்மா சொல்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் அன்றிரவு பதில் கிடைக்கும். அம்மாவைத் தனியாகச் சந்தித்து 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் பற்றிச் சொல்லுங்கள். 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலரிடம் போகும் வழியையும் காட்டுங்கள். முடிவு அவருடையது. பிள்ளை பாதுகாப்பு என்பது பெரும்பாலும் அம்மாவின் பாதுகாப்புதான்.

உங்கள் கேள்வியில் அக்காவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. பத்தாம் வகுப்போடு நின்ற 16 வயதுப் பெண், குடிக்கிற அப்பா, பகலெல்லாம் வீட்டில் இல்லாத அம்மா. கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். முடிந்தால் ஒரு பெண் பணியாளர் அவளோடு தனியாகப் பேசட்டும். 18 வயதுக்கு முன் திருமணம் ஆகும் அபாயத்தில் இருக்கும் பிள்ளையும் இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 2(14)-க்குள் வருகிறாள். நிச்சயம் செய்துவிட்டார்கள் என்று தெரிந்தால், குழந்தைத் திருமணத் தடை அலுவலரான மாவட்டச் சமூக நல அலுவலரிடம் உடனே சொல்லுங்கள். தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் தடையுத்தரவும் வாங்கலாம். திருமணம் ஆகிவிட்டால் பரவாயில்லை, சேர்ந்து வாழட்டும் என்பவர்களுக்கு, 18 வயதுக்குக் குறைந்த மனைவியுடன் உறவு கொள்வதும் பாலியல் வன்கொடுமையே என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் சட்டத்தைக் காட்டி நிறுத்திய கல்யாணம் ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் நடந்துவிடும், அந்தப் பெண்ணுக்கு வேறு வழி எதுவும் திறக்காவிட்டால். பத்தாவதில் தவறியிருந்தால் துணைத் தேர்வு, தேறியிருந்தால் பிளஸ் ஒன் அல்லது ஐ.டி.ஐ. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதை அம்மா அப்பா இருவர் காதிலும் போடுங்கள். அவளுக்கு யாருடனாவது பழக்கம் இருப்பதாகத் தெரிந்து அதனால்தான் அவசரப்படுகிறார்கள் என்றால், அவளைக் குற்றவாளியாக்காமல் கேளுங்கள். பயந்துதான் பெற்றோர் கல்யாணம் செய்கிறார்கள். அந்தப் பயத்தோடு பேசாமல் சட்டத்தோடு மட்டும் பேசினால் அவள் ஓடிப்போவதில் முடியும். அதன் பிறகு போக்சோ வழக்கு, மருத்துவப் பரிசோதனை, இல்லம் என்று அவள் வாழ்க்கை வேறு திசைக்குப் போய்விடும்.

அடுத்து உறவினர் கூட்டம். நியூசிலாந்தில் 1989-ல் குழந்தைகள், இளையோர், அவர்கள் குடும்பங்களுக்கான ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அரசு தங்கள் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்தும் குலத்திடமிருந்தும் பிரித்து வளர்க்கிறது என்று மாவோரி மக்கள் எழுப்பிய குரல் அதன் பின்னணியில் இருந்தது. அந்தச் சட்டப்படி, பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் முன் பெரிய குடும்பம் முழுவதையும் கூட்ட வேண்டும். அதிகாரிகள் தகவலைச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள், குடும்பம் தனியாகப் பேசி ஒரு திட்டத்தோடு வரும். பிறகு பல நாடுகள் அந்த முறையை எடுத்துக்கொண்டன. நம் சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை, ஆனால் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தாய்மாமன், பெரியப்பா, அத்தை, பாட்டி, கூடவே அம்மாவின் சிநேகிதி ஒருவரையும் உட்கார வையுங்கள். யார் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். ராத்திரி அப்பா குடித்துவிட்டு வந்தால் பிள்ளைகள் யார் வீட்டில் படுப்பார்கள்? பையனை முதல் மாதம் பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுவார்கள்? தவணைக்கு ஒருவர் கைகொடுக்க முடியுமா? தாய்மாமன் ஒருவர் வாய்விட்டு "நான் பார்த்துக்கறேன்" என்று சபையில் சொன்னால் நம் குடும்பங்களில் அதற்கு இருக்கும் கனம் எந்தப் படிவத்துக்கும் கிடையாது.

அதே சபையில் மூத்த ஆண்கள் இரண்டு பேர் பேசி முடித்துவிட, அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூலையில் நிற்பதும் நடக்கும். அதனால் கூட்டத்துக்கு முன்பே அம்மாவையும் பிள்ளைகளையும் தனித்தனியாகப் பார்த்து அவர்கள் விருப்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பையன் பேசத் தயங்கினால் அவன் சொல்ல விரும்புவதை அவன் அனுமதியோடு நீங்கள் சொல்லுங்கள். அடிக்கு ஆளாகும் அம்மா இருக்கும் வீட்டில், அவர் வேண்டும் என்றால் மட்டும் இந்தக் கூட்டம்.

இதையெல்லாம் சமூக விசாரணை அறிக்கையில் எழுத வேண்டும், படிவம் 22. விசாரணைக்குச் சட்டம் தருவது 15 நாள், குழு இறுதி உத்தரவு போட நான்கு மாதம். அறிக்கையை எழுதும்போது, பார்த்தது எது, ஒருவர் சொன்னது எது, நீங்கள் நினைப்பது எது என்று மூன்றையும் கலக்காமல் எழுதுங்கள். "தந்தை குடிகாரர், குடும்பச் சூழல் சரியில்லை" என்பது ஒரு தீர்ப்பு, தகவல் இல்லை. "சம்பள நாளான சனிக்கிழமையும் ஞாயிறும் குடிப்பதாகத் தாய் சொன்னார். மற்ற நாட்களில் குடிப்பதில்லை என்று மகள் சொன்னாள். காலையில் நான் சந்தித்தபோது தந்தை நிதானமாக இருந்தார், மகனைப் பள்ளியில் சேர்க்க வரத் தயார் என்றார்" என்பது தகவல். இரண்டாவதைப் படிக்கிற குழு உறுப்பினருக்கு என்ன செய்யலாம் என்று யோசனை ஓடும், முதலாவதைப் படித்தால் இல்லம்தான் தோன்றும். பலவீனங்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறீர்களோ அவ்வளவு இடத்தைப் பலங்களுக்கும் கொடுங்கள். அக்கா காலையில் எழுந்து தம்பிக்குச் சோறு ஆக்கிக் கொடுக்கிறாள் என்றால் அதுவும் அறிக்கையில் வர வேண்டும். பையன் என்ன விரும்புகிறான் என்பதை அவன் சொன்ன வார்த்தையிலேயே மேற்கோளாகப் போடுங்கள். நாளைக்கு அவன் வளர்ந்து அந்தக் கோப்பைப் படித்தால் தன் குடும்பத்தைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்து அவமானப்படக் கூடாது. நான் எழுதிய அறிக்கைகளில் இந்த ஒரு சோதனையைத்தான் எப்போதும் வைத்துப் பார்ப்பேன்.

உங்கள் பரிந்துரை இந்த மாதிரி இருக்கலாம்: பராமரிப்பு தேவைப்படும் குழந்தை என்று அறிவித்து, உங்கள் மேற்பார்வையில் பெற்றோரிடமே விடுவது, நிதி ஆதரவு, தந்தைக்குச் சிகிச்சை, பள்ளியில் சேர்ப்பு, அக்காவுக்கும் ஒரு தனித் திட்டம். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் நிதி ஆதரவு ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப வருமானம் கிராமப்புறத்தில் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். குழந்தைத் தொழிலாளியாக இருந்து மீட்கப்பட்ட பிள்ளைக்கு இதற்கு இடம் உண்டு. வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு அம்மாவை இ-சேவை மையத்துக்கு அலைய விடாமல் ஒரு நாள் கூடவே போங்கள், ஒரு நாள் கூலி அவருக்குப் பெரிது. எப்போது பணம் வரும் என்று தேதி மட்டும் சொல்லாதீர்கள். ஒப்புதல் குழு கூடி, நிதி வந்து சேரத் தாமதமாகும். அதுவரை தவணைக்கு என்ன வழி என்பதை உறவினர் கூட்டத்திலேயே பேசி வைத்திருக்க வேண்டும்.

பள்ளியில் டி.சி. இல்லை, பாதியில் விட்டவன், வயது கூடிவிட்டது என்று சொன்னால் கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துக் காட்டலாம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று அதன் நான்காம் பிரிவு சொல்கிறது. டி.சி. தாமதம் என்பதால் சேர்க்காமல் இருக்கவும் முடியாது. ஆனால் சட்டத்தைவிட ஒரு நல்ல வகுப்பாசிரியரைப் பிடிப்பது முக்கியம். பையன் கடையில் இருந்த மாதங்களில் வகுப்பு எங்கேயோ போயிருக்கும். முதல் வாரமே "மெக்கானிக்" என்று பட்டப்பெயர் வரும். காலையில் அவன் வரவில்லை என்றால் அன்றைக்கே உங்களுக்கு ஒரு போன் செய்யும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் மாதம் வாரம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். சம்பள நாளுக்கு மறுநாள், தவணைக் கிழமை, பரீட்சைக்கு முந்தைய வாரம்: இந்த நாட்களில்தான் எல்லாம் பழையபடி திரும்பும். நடுவில் அவன் இரண்டு நாள் கடைக்குப் போய்விட்டால், திட்டம் தோற்றது என்று இல்லத்துக்கு எழுதிவிடாதீர்கள். என்ன நடந்தது என்று மறுபடி அந்த ஒரு நாளைக் கேளுங்கள். அதற்கு நேர்மாறாக, உங்கள் எல்லா முயற்சிக்கும் பிறகும் அவன் வீட்டில் பாதுகாப்பாக இல்லை என்று தெரிந்தால், குடும்பத்தோடு வைப்பது என் கொள்கை என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். உறவினர் வீடு, வேறொரு குடும்பத்தில் வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பு, அதுவும் இல்லையென்றால் நல்ல இல்லம் என்று போகலாம். அப்படிப் போகும்போதும் அம்மா எந்தக் கிழமை வந்து பார்ப்பார், லீவுக்கு எங்கே போவான், எந்த மாதம் திரும்ப வீட்டை மதிப்பிடுவீர்கள் என்பது தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் இருக்க வேண்டும். அக்காவையும் தம்பியையும் பார்க்க முடியாத தூரத்தில் பிரிக்காதீர்கள்.

கோப்பை எப்போது மூடலாம் என்று அடுத்து கேட்பீர்கள். பையன் ஒரு முழுக் கல்வியாண்டை முடித்து அடுத்த வகுப்புக்குப் போன பிறகு, அக்காவுக்கு 18 ஆகும்வரை ஒரு கண் வைத்துக்கொள்ளும் ஆள் ஊரிலேயே இருக்கிறார் என்று உறுதியான பிறகு. அங்கன்வாடி ஊழியர், கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் அக்கறையுள்ள உறுப்பினர், அந்த வகுப்பாசிரியர், யாராகவும் இருக்கலாம். கடைசியாக ஒருமுறை போய், இனி அடிக்கடி வர மாட்டேன் என்று பிள்ளைகள் இருவரிடமும் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ இருவரும் மனப்பாடமாகச் சொல்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.